அஃறிணை அத்தை

‘அத்தை பொய் சொல்கிறது. 16.00 மணிக்குள் அத்தையைக் கேட்டுப் பாருங்கள்.’

துண்டுச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான். கையெழுத்து இல்லை, தேதி இல்லை. நீல மையில், அச்சுக் கோத்தது போன்ற எழுத்து.

“இது மூணாவது,” என்றார் இயக்குநர். “திங்கட்கிழமை ஒண்ணு, நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. என் நாற்காலி மேலேயே வெச்சுட்டுப் போறாங்க.”

“நல்லவேளை சார், குனிஞ்சு பார்த்தீங்க,” என்றான் ரேடியோ. “உட்கார்ந்திருந்தா தடயமே அழிஞ்சிருக்கும்.”

இயக்குநர் சிரிக்கவில்லை. பெண்கள் நல ஆய்வு நிறுவனத்தில் மூன்றாம் மாடிக்கு மேல் யாரும் சிரிப்பதில்லை என்பதை ரேடியோ லிஃப்டிலேயே கவனித்திருந்தான். சுவரில் ஆய்வுக் குழுவின் படம் மாட்டியிருந்தது. பதினோரு பேர், பதினோரு டை, பதினோரு மீசை.

ரேடியோவுக்கு முப்பத்தி நான்கு வயது. முன்பு மருந்துக் கம்பெனியில் பிரதிநிதியாக இருந்தான். டாக்டர்களைப் பேசவிடாமல் பேசியதால் வேலை போனது. அணைக்கப் பொத்தான் இல்லாததால் அந்தப் பெயர்.

அவனுக்குப் பக்கத்தில், சீட்டை மூக்குக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் அவனுடைய பாஸ். இருபது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். விடுபட்டுப்போன ஒற்றெழுத்தை எட்டடி தூரத்திலிருந்தே பிடிப்பார் என்பதால் அங்கே அவரை ‘ஒற்று மேடம்’ என்று கூப்பிட்டார்கள். துப்பறியும் தொழிலுக்கு வந்தபிறகு பெயரை மாற்ற வேண்டிய தேவையே அவருக்கு ஏற்படவில்லை.

“நாலு மணிக்கு என்ன சார் நடக்குது?” என்று கேட்டார் ஒற்று மேடம்.

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல் இருந்தார்.

“ஒன்பது வருஷ ஆய்வு, மேடம். பதினெட்டாயிரம் பெண்கள். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போய்ப் படிவம் நிரப்பியிருக்கோம். இன்னைக்கு முடிவை அறிவிக்கிறோம். அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தா, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஆபத்து ரெண்டு மடங்கு. அதே கல்யாணமான பெண்ணுக்கு?” இரண்டு விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். “பூஜ்யம். கூடுதல் ஆபத்தே கிடையாது.”

“அதாவது?”

“திருமணம், தந்தை வழி வர்ற பாதிப்பை முறிக்குது!”

“பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டதுமே முறிச்சுடுமா சார், இல்ல மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதுக்கு அப்புறமா?” என்றான் ரேடியோ.

“அது அடுத்த கட்ட ஆய்வு,” என்றார் இயக்குநர். அவர் விளையாடவில்லை. ஜன்னலுக்கு வெளியே, விழா மண்டபத்தின் முகப்பில் இரண்டு ஆட்கள் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘மணமே மருந்து!’ விழாச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது ஒரு கல்யாணத் தகவல் நிலையம்.

“அறிவிச்சதும் என்ன ஆகும்?”

“புதுப் பட்டியல் அமலுக்கு வரும். அத்தை வழி ஆபத்துன்னு மட்டும் சேர்த்திருந்த கல்யாணமான பெண்கள் ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினாறு பேர். அவங்களுக்கு இனிமே வருஷா வருஷம் எடுக்கற மார்பக ஸ்கேன் தேவையில்லை. போன வாரமே எல்லாருக்கும் கடிதம் போயிடுச்சு.”

“நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களா?”

“ஒவ்வொண்ணுலயும்! மூணு நாள் ஆச்சு. படிச்சுப் பார்த்தா மூணு மாசம் ஆகியிருக்கும்.” பிறகு சீட்டைச் சுட்டிக்காட்டினார். “எழுதினது உள்ளாள்தான். நாலு மணிக்குள்ள பிடிச்சுக் கொடுங்க. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

“அத்தைன்னு இந்தக் கட்டடத்துல யாரைச் சொல்லுவாங்க?”

“கேன்டீன் அத்தை. வேற யாரு?”

மணி பதினொன்று இருபது.

*

கேன்டீன் அத்தை கல்லாவுக்குப் பின்னால் அணைகட்டியதுபோல் நின்றாள். சீட்டைப் படித்ததும் அந்த அணை உடைந்தது.

“எவன்டா எழுதினது? பன்னிரண்டு வருஷமா இந்த ஆபீசுக்குச் சோறு போடறேன். என்னைப் போய் ‘சொல்கிறது’ன்னு எழுதியிருக்கான்! நான் என்ன ஆடா, மாடா?”

“பொய்யே சொன்னதில்லையா அத்தை?” என்று கேட்டான் ரேடியோ.

“சூப்பு இப்பதான் வெச்சதுன்னு சொல்லுவேன். அது வியாபாரம்.”

“நேத்து வெச்சதா?”

“முந்தாநேத்து.”

ரேடியோ கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

ஒற்று மேடம் வேறு கேள்வி கேட்டார். “உங்களை எல்லாரும் ஏன் அத்தைன்னு கூப்பிடறாங்க?”

“அதான் எனக்கும் புரியலம்மா. அண்ணன் தம்பி இருந்தா அவங்க பிள்ளைங்க கூப்பிடலாம். ஒரு பையன் இருந்தா வர்ற மருமக கூப்பிடலாம். எனக்கு அதுவும் இல்ல, இதுவும் இல்ல. ஒத்தையாப் பொறந்து ஒத்தையா இருக்கேன். இவங்கபாட்டுக்குக் கூப்பிடறாங்க. கூப்பிட்டுட்டு ‘சொல்கிறது’ன்னு எழுதறாங்க.”

மாடிப்படியில் ஏறும்போது ரேடியோ தீர்ப்புச் சொன்னான். “சூப்பு விவகாரம்தான் பாஸ். குடிச்சு வயிறு கெட்டவன் எவனோ எழுதியிருக்கான். கோபத்துல திணை மாறிடுச்சு.”

“மாறல.” ஒற்று மேடம் நின்றார். “ரெண்டாவது வாக்கியத்தைப் படி.”

“அத்தையைக் கேட்டுப் பாருங்கள்.”

“அத்தையைக்கு ஒரு ‘க்’ போட்டிருக்கு. கேட்டுக்கு ஒரு ‘ப்’ போட்டிருக்கு. இந்த ரெண்டையும் ஒழுங்காப் போடற ஆளுங்களை நான் இருபது வருஷத்துல அஞ்சு பேர்தான் பார்த்திருக்கேன். அப்படிப்பட்ட ஆள் உயர்திணையையும் அஃறிணையையும் குழப்பிக்குமா?”

“அப்ப?”

“அத்தை ஒரு பொருள். மனுஷி இல்ல.”

ரேடியோ யோசித்தான். “எங்க வீட்டுல ஒரு பழைய மிக்ஸி இருக்கு பாஸ். அதைக்கூட நாங்க அப்படிக் கூப்பிட்டதில்ல.”

“அடுத்தது அந்தப் பூஜ்யம்.”

அவன் பார்த்தான். 16.00இல் இருந்த இரண்டு பூஜ்யங்களுக்கும் குறுக்கே கோடு.

“பூஜ்யத்தையே அடிச்சுட்டாங்க. ரொம்பக் கோபம்.”

“இங்கிலீஷ் ‘ஓ’வோட குழம்பக் கூடாதுன்னு அடிப்பாங்க. நாள் பூரா எண்ணைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறவங்களுக்கு அது பழக்கம். வா.”

*

தரவு ஏற்றும் அறை அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கூரைவரை படிவக் கட்டுகள். மூன்று பெண்கள் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பலகையில் ‘நேற்று: 400’ என்று எழுதியிருந்தது. இரண்டு பூஜ்யங்களுக்கும் குறுக்கே கோடு.

“மூணு பேரும் ஒரே மாதிரிதான் எழுதுவாங்க பாஸ்,” என்று ரேடியோ கிசுகிசுத்தான். “எப்படிப் பிரிப்பீங்க?”

ஒற்று மேடம் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அச்சடித்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘காகிதங்களை குப்பை கூடையில் போடவும்.’ ‘காகிதங்களை’க்குப் பின்னும் ‘குப்பை’க்குப் பின்னும் யாரோ நீலப் பேனாவால் சின்னதாக ஒரு ‘க்’ செருகியிருந்தார்கள்.

“இதைத் திருத்தினது யாரு?” குரலில் மரியாதை இருந்தது.

இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் மூன்றாமவளைக் காட்டினார்கள். “கமாதான் மேடம்! எங்க லீவு லெட்டரைக்கூடத் திருத்தித்தான் கொடுப்பா.”

கமாவின் விரல்கள் நின்றன. முப்பது வயது இருக்கும். கழுத்தில் ஒப்பந்தப் பணியாளர் அட்டை.

ஒற்று மேடம் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “எனக்கு அத்தையைப் பார்க்கணும்.”

கமா தட்டச்சுப் பலகையைத் தள்ளி வைத்தாள். பிறகு கட்டிலிருந்து ஒரு படிவத்தை உருவி மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். ‘உறவினரில் புற்றுநோய்’ என்ற தலைப்பின் கீழ் வரிசையாகக் கட்டங்கள். அம்மா. அக்கா. தங்கை. பெரியம்மா. சித்தி. பதினான்காவது வரி: அத்தை.

“இதுதான்,” என்றாள். “இதுதான் பொய் சொல்லுது.”

“நாங்க அத்தையையெல்லாம் பார்க்கறதில்ல மேடம்,” என்றாள் பக்கத்து மேசைக்காரி. “எங்களுக்கு அது பதினாலு. ஆமான்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. தட்டிக்கிட்டே போவோம். இவதான் எல்லாத்தையும் படிப்பா.”

“இயக்குநர்கிட்ட நேர்ல சொல்லலாமே?”

“ரெண்டு தடவை போனேன். ‘நீங்க டேட்டா என்ட்ரிதானே, என்ட்ரி பண்ணுங்க’ன்னார். மூணாவது தடவை போனா ஒப்பந்தத்தைக் கிழிச்சுடுவேன்னார்.” கமா இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். “இது என் தங்கச்சிக்கு வந்தது. கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகுது.”

ரேடியோ வாங்கி வாய்விட்டுப் படித்தான். “‘தாங்கள் திருமணமானவர் என்பதால் தங்கள் பெயர் ஸ்கேன் பட்டியலிலிருந்து மகிழ்ச்சியுடன் நீக்கப்படுகிறது. வாழ்த்துகள்.’ மகிழ்ச்சி யாருக்குன்னு போடலையே.”

“எங்க அப்பா கூடப் பிறந்தவங்க மூணு பேரு,” என்றாள் கமா. “மூணு பேருக்கும் இதே வியாதி. நாற்பத்தி அஞ்சைத் தாண்டினவங்க ஒருத்தருமில்ல. தங்கச்சிக்குப் போன வருஷ ஸ்கேன்ல ஒரு சின்னப் புள்ளி தெரிஞ்சுது. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும்னு டாக்டர் எழுதியிருக்காங்க. வர்ற வியாழக்கிழமைதான் அந்தத் தேதி. இப்ப பட்டியல்ல பேரில்ல. பேரில்லன்னா மெஷின் அறைக்குள்ளயே விட மாட்டாங்க.”

ரேடியோ கடிதத்தை மடித்துக் கொடுத்தான்.

“அவ கல்யாணம் பண்ணிக்கிட்டா எங்க அத்தைங்க செத்தது இல்லேன்னு ஆயிடுமா மேடம்? ரத்தம் எப்படி மாறும்? எங்கேயோ தப்பு இருக்குன்னு தெரியுது. எங்கேன்னுதான் தெரியல.”

“உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இல்ல மேடம்.”

“எனக்கும் இல்ல,” என்றார் ஒற்று மேடம், ஏதோ சிக்கல் அங்கேதான் இருப்பதுபோல. “சரி. முதல் சுற்றுல கல்யாணம் ஆகாம இருந்து, அத்தைக்குப் புற்றுநோய் ‘ஆம்’னு சொல்லி, ரெண்டாவது சுற்றுக்குள்ள கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. அப்படி ஒரு நாற்பது பேரோட ரெண்டு சுற்றுப் படிவமும் வேணும்.”

நாற்பது பேரைத் தேடி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. மற்ற இரண்டு பெண்களும் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தேடலில் சேர்ந்துகொண்டார்கள். தூசியில் ரேடியோ பதினேழு முறை தும்மினான். ஒவ்வொரு தும்மலுக்கும் ஒற்று மேடம் அவனை ஒரு நிறுத்தற்குறியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

முதல் ஜோடிப் படிவத்தை ரேடியோ படித்தான். “முதல் சுற்று. அத்தை. புற்றுநோய் ஆம். நாற்பத்தி ஒண்ணு வயசுல காலமானார். ரெண்டாவது சுற்று. அத்தை. புற்றுநோய் இல்லை. வயசு அறுபத்தி ஆறு. நலம்.”

மறுபடி படித்தான்.

“பாஸ், செத்துப்போன அத்தை எழுந்து வந்துட்டாங்க! வந்ததோட இல்லாம இருபத்தஞ்சு வயசு கூடி, சௌக்கியமா இருக்காங்க!”

இரண்டாவது ஜோடியிலும் அத்தை எழுந்து வந்திருந்தாள். மூன்றாவதிலும். நாற்பதில் முப்பத்தேழு அத்தைகள், பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் உயிர் பெற்றிருந்தார்கள். மூன்று பேர் மட்டும் பிடிவாதமாக இறந்தே இருந்தார்கள்.

“ரெண்டு சுற்றும் முரணா இருந்தா கம்ப்யூட்டர் கத்தாதா?” என்று கேட்டார் ஒற்று மேடம்.

“கத்தும்,” என்றாள் கமா. “தினமும் கத்துதுன்னு, கடைசியா வந்த பதிலே சரின்னு எடுத்துக்கச் சொல்லிப் புரோகிராமை மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் கத்தறதில்ல.”

ரேடியோ மேசையைத் தட்டினான். “கல்யாணத் தகவல் நிலையம்தான் பாஸ்! படிவம் நிரப்பப் போன ஆளுங்களைக் கையில போட்டுக்கிட்டு அத்தைங்களை எழுப்பி விட்டிருக்காங்க. ‘மணமே மருந்து.’ இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா?”

“படிவம் நிரப்பினவங்க எத்தனை பேரு பாரு. நாற்பது படிவத்துல இருபத்தி ரெண்டு கையெழுத்து. இருபத்தி ரெண்டு பேரும் சொல்லிவெச்ச மாதிரி ஒரே பொய்யைச் சொல்ல முடியாது. முதல் சுற்றுக்கும் அவங்கதான் போயிருக்காங்க. அதுல பொய்யில்ல.”

“அப்ப யாருதான் பொய் சொல்றா?”

“யாருமே சொல்லலைன்னு வெச்சுக்கோ. ரெண்டு பதிலுமே உண்மைன்னு வெச்சுக்கோ.”

“செத்ததும் உண்மை, சௌக்கியமா இருக்கறதும் உண்மையா? அது அத்தை இல்ல பாஸ், ஆவி.”

அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்தளத்தில் சமிக்ஞை சரியாகக் கிடைக்காததால் ஸ்பீக்கரில் போட்டான். அவன் மனைவியின் குரல் கூரைவரை கேட்டது.

“என்னங்க, அத்தைக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு. வரும்போது மறக்காம வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி பல்பொடி வாங்கிட்டு வராதீங்க.”

“சரி, சரி.” அவன் அவசரமாக அணைத்தான். “மன்னிச்சுக்குங்க பாஸ். எங்கே விட்டோம்? ஆவி.”

ஒற்று மேடம் அசையவில்லை. “யாருக்கு மாத்திரை?”

“எங்க அம்மாவுக்கு. பிரஷர்.”

ஒற்று மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு நாற்பது படிவங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு கட்டத்தை மட்டும் பார்த்தார். கடைசிப் படிவத்தைப் பார்த்து முடித்ததும் சிரித்துவிட்டார். ரேடியோ எட்டிப் பார்ப்பதற்குள் கட்டைக் கட்டிவிட்டார்.

“என்ன பாஸ்?”

“மணி என்ன?”

“மூணே கால்.”

“இயக்குநருக்குப் போன் போடு. நாலு மணிக்கு மேடையிலேயே ஆளைக் காட்டறேன்னு சொல்லு. அப்படியே அவர் மனைவி விழாவுக்கு வர்றாங்களான்னு கேளு.”

கமா எழுந்து நின்றாள். “மேடம், என் பேரு…”

“உங்களுக்கு ஒரு வேலை இருக்கு,” என்றார் ஒற்று மேடம். “வாபஸ் கடிதம் ஒண்ணு தயார் பண்ணி வைங்க. ஒற்றுப்பிழை இருக்கக் கூடாது.”

*

மண்டபம் நிறைந்திருந்தது. பத்திரிகைக்காரர்கள் பின்வரிசையில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கல்யாணத் தகவல் நிலையத்தின் முதலாளி, அவருக்குப் பக்கத்தில் இயக்குநரின் மனைவி, அவருக்குப் பக்கத்தில் இயக்குநரின் அம்மா. அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மேடையில் பதினோரு டைகள்.

இயக்குநர் பூஜ்யத்தைத் திரையில் காட்டி முடித்ததும் கைதட்டல் எழுந்தது. முதலாளி எழுந்து நின்றே தட்டினார்.

“அடுத்ததா,” என்றார் இயக்குநர் முகமெல்லாம் சிரிப்பாக, “இந்த ஆய்வுக்கு எதிரா மொட்டைக் கடிதம் எழுதின ஆளை இப்ப அடையாளம் காட்டப் போறாங்க.”

ஒற்று மேடம் மேடையேறினார். கையில் ஒரு வெற்றுப் படிவம்.

“அதுக்கு முன்னாடி, இந்தப் படிவத்தை யாராவது ஒரு பெண்மணி நிரப்பணும். இயக்குநர் வீட்டம்மா உதவி பண்ணுவீங்களா? ஒரே கேள்விதான்.”

மைக் முன்வரிசைக்குப் போனது. இயக்குநரின் மனைவி கூச்சத்துடன் வாங்கிக்கொண்டார். நாற்பது வயதை ஒட்டியவர்.

“பதினாலாவது கேள்வி. அத்தைக்குப் புற்றுநோய் இருந்ததா?”

“சேச்சே!” என்றார் அவர். “அவங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. சுகர் மட்டும்தான். இதோ பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்களே.”

“சுகர் கூட இல்ல,” என்றார் இயக்குநரின் அம்மா, மைக்கைத் தன் பக்கம் இழுத்து. “பார்டர்லதான் இருக்கு. எதுக்கு ஊரெல்லாம் சொல்றே?”

மண்டபம் சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை.

“அது எங்க அம்மா!” என்றார்.

“அதையேதான் சார் நானும் சொல்ல வந்தேன்,” என்றார் ஒற்று மேடம்.

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. முன்வரிசையில் தொடங்கி, கடைசியாகக் கேக் வரிசைக்குப் போனது.

ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. பல்பொடியிலிருந்து எல்லாமே உறைத்தது.

ஒற்று மேடம் தொடர்ந்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணுக்கு அத்தைன்னா அப்பா கூடப் பிறந்தவங்க. ரத்த சம்பந்தம். கல்யாணத்துக்கு அப்புறம் அவ நாள் பூரா அத்தைன்னு கூப்பிடறது மாமியாரை. ரத்தத்துல ஒரு சொட்டுக்கூடச் சம்பந்தமில்ல. நீங்க மூணு வருஷம் கழிச்சுப் போய் அதே கேள்வியைக் கேட்டீங்க. அவங்களும் உண்மையைத்தான் சொன்னாங்க. முப்பத்தேழு அத்தைங்க செத்து மறுபடி பிழைச்சிருக்காங்க சார். முப்பத்தேழு படிவத்துலயும் கடைசிப் பக்கத்துல ‘நேர்காணலின்போது உடனிருந்தவர்’னு ஒரு கட்டம். அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? மாமியார். மாமியாரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ‘அத்தைக்குப் புற்றுநோயா’ன்னு கேட்டா, ‘நல்லாத்தான் இருக்காங்க’ன்னுதான் பதில் வரும். மூணு படிவத்துல மட்டும் அத்தை பிழைக்கல. அந்த மூணுலயும் உடனிருந்தவர், யாருமில்லை.”

“கேள்வியை ஆய்வுக் குழு சரிபார்த்தது!” என்றார் இயக்குநர். “முதல் வரைவுல ‘அப்பாவின் உடன்பிறந்தவர்’னு அடைப்புக்குறிக்குள்ள இருந்தது. பக்கம் மீறுதுன்னு எடுத்தோம்.”

“பதினோரு பேரும் சேர்ந்தா?”

பதினோரு டைகளும் கீழே பார்த்தன.

“பதினோரு பேரும் கல்யாணமானவங்கதானே? வீட்டுல மனைவி யாரை அத்தைன்னு கூப்பிடறாங்கன்னு ஒருத்தர் காதுல விழுந்திருந்தாக்கூடப் போதும். ஒன்பது வருஷம் மிச்சமாகியிருக்கும்.”

கல்யாணத் தகவல் நிலைய முதலாளி எழுந்து, போன் வந்ததுபோல் காதில் கையை வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் நாற்காலியிலேயே இருந்தது.

“எனக்கு இதெல்லாம் வேண்டாம்,” என்றார் இயக்குநர் உரத்த குரலில். “அந்தச் சீட்டை எழுதினது யாரு?”

அப்போது அவர் மனைவி மறுபடி மைக்கைப் பிடித்தார். இந்த முறை கூச்சம் இல்லை.

“என் அப்பா கூடப் பிறந்தவங்க ரெண்டு பேரு. பெரியவங்க நாற்பத்தி மூணுல போனாங்க. சின்னவங்க அதுக்கும் முன்னாடி. மார்புலதான் ரெண்டு பேருக்கும். நீங்க கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.” கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். “போன வாரம் இது வந்துச்சு. ‘மகிழ்ச்சியுடன் நீக்கப்படுகிறது. வாழ்த்துகள்.’ கீழே உங்க கையெழுத்து. டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு உள்ள வெச்சுட்டேன். உங்களைத்தான் டாக்டர்னு நினைச்சேன்.”

இயக்குநர் வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய அம்மா எழுந்துவிட்டார்.

“ஏண்டா, என் சுகரை வெச்சு இவளுக்குக் கணக்குப் போட்டியா?”

*

ஐந்தரை மணிக்கு இயக்குநரின் அறையில் வாபஸ் கடிதங்கள் வந்து இறங்கின. கொண்டு வந்தது கமா. மனைவி எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒற்று மேடமும் ரேடியோவும் கதவோரம் நின்றார்கள்.

“இந்தத் தடவை படிச்சுட்டுப் போடுங்க,” என்றார் மனைவி.

இயக்குநர் முதல் கடிதத்தைப் படித்தார். முகவரி கையால் எழுதியிருந்தது. நீல மை. எழுத்து அச்சுக் கோத்தது போலிருந்தது. கதவு எண் 400. பூஜ்யங்களுக்குக் குறுக்கே கோடு.

அவர் மேசைமேல் கிடந்த துண்டுச் சீட்டைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். நிமிர்ந்து கமாவைப் பார்த்தார். கமா கண்ணை எடுக்கவில்லை.

“என்னங்க,” என்றார் மனைவி, “அது நம்ம வீட்டு முகவரிதானே? போடுங்க.”

அவர் போட்டார். துண்டுச் சீட்டை எடுத்து, நான்காக மடித்து, தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது கடிதம் கமாவின் தங்கைக்கு. அதில் மை காய்வதற்குள் அவள் அதை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். குரல் மட்டும் உள்ளே கேட்டது. “வியாழக்கிழமை ஒன்பதரைக்குடி. பேர் இருக்கு. நானும் வரேன். அழாதே, பேர் இருக்குன்னு சொல்றேன்ல?”

இன்னும் இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினான்கு கடிதங்கள் இருந்தன. இயக்குநர் மூன்றாவதைப் படிக்கத் தொடங்கினார்.

படியிறங்கும்போது ரேடியோ பேசாமல் வந்தான். ஒற்று மேடம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முன்னால் போனார்.

அவன் படிக்கட்டின் திருப்பத்தில் நின்று வீட்டுக்குப் போன் போட்டான்.

“மாத்திரை வாங்கியாச்சா?” என்றாள் மனைவி.

“வாங்கறேன். ஒண்ணு கேக்கணும். உன் அத்தை…”

“அத்தை தூங்கறாங்க.”

“அந்த அத்தை இல்ல. உங்க அப்பா கூடப் பிறந்தவங்க.”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“எட்டு வருஷத்துல நீங்க இதைக் கேக்கறது இதான் முதல் தடவை,” என்றாள் அவள். “எங்கேயாவது உட்கார்ந்துக்குங்க. சொல்றேன்.”

ரேடியோ படியில் உட்கார்ந்தான். வாயைத் திறக்கவில்லை.